உறக்கம் எனும் அருட்கொடையும் இரவில் திணறும் மூச்சும்





எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனாகிய அல்லாஹ் ஒருவனுக்கே உரித்தாகட்டும். ஸலாத்தும் ஸலாமும் எமது உயிரினும் மேலான நபி முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களது குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாகட்டும்.

உண்ட உணவுக்காக அல்லாஹ்வைப் புகழ்கின்றோம். குடித்த நீருக்காகப் புகழ்கின்றோம். ஆனால் உறங்கி எழுந்த உறக்கத்துக்காக எம்மில் எத்தனை பேர் மனமுணர்ந்து நன்றி செலுத்துகின்றோம்? உறக்கத்தை மனிதனுக்கு ஓய்வாக ஆக்கியதாக அல்லாஹ் ஸூரதுந் நபஃவின் 9ஆம் வசனத்தில் நினைவூட்டுகின்றான். இரவிலும் பகலிலும் மனிதர் உறங்குவதைத் தனது அத்தாட்சிகளுள் ஒன்றாக ஸூரதுர் ரூமின் 23ஆம் வசனத்தில் எண்ணிக் காட்டுகின்றான். நாம் நாள்தோறும் ஓதும் ஆயதுல் குர்ஸியோ, சிறு தூக்கமும் ஆழ்ந்த உறக்கமும் அல்லாஹ்வைப் பீடிப்பதில்லை எனக் கூறுகின்றது. இவற்றை ஒன்றிணைத்துச் சிந்தித்தால் ஓர் உண்மை புலப்படும். உறங்காதிருப்பது படைத்தவனின் தன்மை. உறக்கத்தின்பால் தேவையுடையவனாக இருப்பது படைக்கப்பட்டவனின் தன்மை. எனவே "எனக்கு மூன்று மணித்தியால உறக்கமே போதும்" என்று பெருமை பேசுவது வீரமன்று. தன் பலவீனத்தை மறந்த பேச்சாகும்.

உடலுக்கும் உரிமை உண்டு

பகலெல்லாம் நோன்பு நோற்று, இரவெல்லாம் நின்று வணங்கி வந்த அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்களை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமைகள் உண்டென நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். சோர்வு வந்தால் பற்றிக்கொள்வதற்காகத் தூண்களுக்கிடையே ஸைனப் (ரலி) அவர்கள் கட்டியிருந்த கயிற்றைக் கண்டபோது, அதனை அவிழ்த்துவிடுமாறும், உற்சாகமுள்ள வரை தொழுது சோர்வுற்றால் அமர்ந்துவிடுமாறும் பணித்தார்கள். தொழுகையில் தூக்கம் மேலிட்டால், தூக்கம் தெளியும் வரை உறங்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். தூக்கக் கலக்கத்தில் பாவமன்னிப்புத் தேடப் போய், தன்னையே ஏசிக்கொள்ளவும் கூடுமல்லவா? வணக்கத்துக்கே இந்த ஒழுங்கு என்றால், வீண் பேச்சுக்காகவும் கைத்தொலைபேசிக்காகவும் உறக்கத்தைப் பறிகொடுப்பதை என்னவென்பது?

வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 7 மணித்தியால உறக்கம் தேவை என்பது இன்றைய வைத்தியர்களின் பொதுவான கருத்து. பிள்ளைகளுக்கு இதனினும் அதிகம் தேவை. பாலாவியிலும் அதனைச் சூழவுள்ள கிராமங்களிலும் இது எளிதில் கிடைப்பதில்லை. களப்பில் இரவில் வலை வீசுவோர் உள்ளனர். இறால் பண்ணைகளில் இரவுக் காவல் இருப்போர் உள்ளனர். வெயில் ஏறுமுன் உப்பளத்தில் இறங்க வேண்டியோர் உள்ளனர். கல்பிட்டிப் பக்கத்து மரக்கறியையும் மீனையும் விடியுமுன் கொழும்புச் சந்தையில் சேர்க்கப் பாலாவிச் சந்தியால் லொறி செலுத்திச் செல்வோர் உள்ளனர். ஹலாலான உழைப்புக்காக இரவை இழப்போர், பகலில் ஒரு பகுதியையேனும் உறக்கத்துக்கென ஒதுக்கிக்கொள்வது அவசியம். நண்பகல் சிறு உறக்கமாகிய கைலூலா ஸஹாபாக்களின் வழக்கமாக இருந்தது என்பதையும் நினைவிற் கொள்வோம்.

நபிவழியில் உறங்கச் செல்லல்

இஷாவுக்கு முன் உறங்குவதையும், இஷாவுக்குப் பின் வீண் பேச்சில் ஈடுபடுவதையும் நபி (ஸல்) அவர்கள் வெறுத்தார்கள். தொழுகைக்குச் செய்வது போன்று வுழூச் செய்து, வலப்புறமாகச் சாய்ந்து படுக்குமாறு அல்பராஃ இப்னு ஆஸிப் (ரலி) அவர்களுக்குக் கற்றுக் கொடுத்தார்கள். படுக்கையைத் தட்டிவிட்டுப் படுக்குமாறும், உறங்கும்போது விளக்கை அணைக்குமாறும் ஏவினார்கள். குப்புறப் படுப்பதை வெறுத்தார்கள். உணவைப் பொறுத்தவரை, முதுகை நிமிர்த்தும் அளவுக்குச் சில கவளங்கள் போதும் என்றும், அதற்கு மேல் உண்டேயாக வேண்டுமெனில் வயிற்றில் மூன்றிலொன்றை உணவுக்கும், மூன்றிலொன்றைக் குடிப்புக்கும், மூன்றிலொன்றை மூச்சுக்கும் விடுமாறும் வழிகாட்டினார்கள். இதனை அல்மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள்.

மூச்சுக்கென ஒரு பங்கு! இரவு பத்து மணிக்குக் கொத்து ரொட்டியை வயிறு முட்ட உண்டு, அதன் மேல் ஒரு பிளேன் டீயும் குடித்து, உடனே மல்லாந்து படுப்பவர், அந்தப் பங்கை மூச்சுக்குக் கொடுக்கின்றாரா எனச் சிந்திக்கட்டும். நிறைந்த வயிறு நுரையீரலின் கீழுள்ள தசையை மேல்நோக்கித் தள்ளுகின்றது. இரைப்பையின் புளிப்பு தொண்டை வரை ஏறுகின்றது. தேயிலையிலும் கோப்பியிலும் உள்ள கபேன் பல மணித்தியாலங்கள் உடலில் தங்கி உறக்கத்தைக் கலைக்கின்றது. ரமழானில் ஸஹர் உணவை உண்டவுடன் ஸுப்ஹுத் தொழுது படுத்துவிடுவோருக்கும் இது பொருந்தும்.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஸுன்னாவை நாம் ஸுன்னா என்பதற்காகவே பின்பற்றுகின்றோம். வைத்திய நூல் ஒப்புக்கொண்டது என்பதற்காக அன்று. எனினும் அதனுள் உடலுக்கான நலவும் இருப்பதை அறியும்போது ஈமான் மகிழ்ச்சியடைகின்றது.

குறட்டை எப்போது நோயாகும்?

இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் சிறுவராக இருந்தபோது தமது சிறிய தாயார் மைமூனா (ரலி) அவர்களின் இல்லத்தில் ஓரிரவு தங்கினார்கள். நபி (ஸல்) அவர்கள் உறங்கியபோது அவர்களது மூச்சொலி தமக்குக் கேட்டதாக அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. எனவே உறக்கத்தில் மூச்சொலி எழுவது பாவமுமன்று, பரிகசிக்கத்தக்க குறையுமன்று. ஒலி எழுவது பெரும்பாலும் பிரச்சினையல்ல. அந்த ஒலி திடீரென நின்றுபோவதே கவனிக்க வேண்டியது.

உறங்கும்போது உடலின் தசைகள் தளர்கின்றன. தொண்டையின் தசைகளும் நாக்கும் அவ்வாறே தளர்ந்து பின்னோக்கிச் சரிகின்றன. சிலருக்கு மூச்சுக்குழலின் மேற்பாதை முற்றாக அடைபட்டு விடுகின்றது. மார்பு ஏறி இறங்கும், காற்று உட்செல்லாது. இவ்வாறு 10 செக்கன் அல்லது அதற்கு மேல் மூச்சு நிற்கும்போது இரத்தத்தில் ஒட்சிசன் குறைகின்றது. ஆபத்தை உணர்ந்த மூளை உறக்கத்தைக் கலைக்கின்றது. அவர் "ஹக்" என்ற ஓசையுடன் மூச்சை இழுத்து, மீண்டும் உறக்கத்தில் ஆழ்கின்றார். விழித்தது அவருக்கே தெரியாது. இது மணித்தியாலத்துக்கு 5 முதல் 14 தடவைகள் நிகழ்ந்தால் இலேசானது எனவும், 15 முதல் 29 வரை நடுத்தரமானது எனவும், 30ஐத் தாண்டினால் கடுமையானது எனவும் வைத்தியர்கள் வகுத்துள்ளனர். கடுமையான நோயாளி எட்டு மணித்தியாலம் படுத்திருந்தாலும் இருநூறு முறைக்கு மேல் எழுப்பப்பட்டவராகவே காலையில் எழும்புகின்றார். இதனையே 'ஸ்லீப் அப்னியா', அதாவது உறக்க மூச்சுத்தடை என்கின்றனர்.

1956ஆம் ஆண்டு அமெரிக்க வைத்தியர்கள் சிலர், மிகப் பருத்த உடலுடைய ஒருவர் சீட்டாட்டத்தின் நடுவே, கையில் வெற்றிச் சீட்டுகள் இருந்தும் உறங்கிப்போனதைப் பதிவு செய்தனர். அதன் பின்னரே இத்துறையில் ஆய்வுகள் பெருகின. 30 முதல் 69 வயது வரையானோரில் உலகளவில் சுமார் 93 கோடி 60 இலட்சம் பேருக்கு இந்நோய் ஏதோவோர் அளவில் இருப்பதாக 2019இல் வெளியான ஆய்வொன்று மதிப்பிட்டது. 2022 பெப்ரவரியில் இந்தியாவின் இசையமைப்பாளர் பப்பி லஹிரி தமது 69ஆவது வயதில் மும்பையில் காலமானார். அவரது மரணத்துக்கு உறக்க மூச்சுத்தடையும் காரணம் என வைத்தியர்கள் அறிவித்தபோதுதான் எமது அயல்நாட்டில் பலர் இந்நோயின் பெயரையே முதன்முறையாகக் கேட்டனர்.

ஜின் அமுக்குகின்றதா?

நள்ளிரவில் மூச்சுத் திணறி, நெஞ்சு படபடக்க, வியர்த்து எழும்பி உட்காரும் ஒருவரைக் கண்டால், எமது வீடுகளில் முதலில் வரும் வார்த்தை, "ஜின் அமுக்கியிருக்கிறது" என்பதாகும். உடனே தாயத்துக் கட்டுவோரையும் நூல் முடிவோரையும் தேடி ஓடுகின்றோம். மாதங்கள் கழிகின்றன, பணமும் கழிகின்றது, நோய் அங்கேயே இருக்கின்றது.

ஜின்கள் உண்டென்பது குர்ஆன் கூறும் உண்மை. அதில் எமக்கு ஐயமில்லை. ஆனால் ஒவ்வொரு நோயையும் ஜின்னின் தலையில் சுமத்துமாறு மார்க்கம் எமக்குக் கற்றுத்தரவில்லை. நபி (ஸல்) அவர்களிடம் கிராமப்புற அரபிகள் வந்து, நாங்கள் மருந்து செய்யலாமா எனக் கேட்டபோது, மருந்து செய்யுமாறும், முதுமையைத் தவிர அல்லாஹ் எந்நோயையும் அதற்குரிய நிவாரணமின்றி வைக்கவில்லை என்றும் பதிலளித்தார்கள். உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் இதனை அறிவிக்கின்றார்கள். ஆகவே படுக்கையில் ஆயதுல் குர்ஸியை ஓதுங்கள். மூன்று குல் ஸூராக்களையும் ஓதிக் கைகளில் ஊதி உடலில் தடவிக்கொள்ளுங்கள். விடிந்ததும் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

இரவில் மூச்சுத் திணறுவதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆஸ்துமா நடுநிசியிலும் அதிகாலையிலும் கூடுவது வழமை. இருதயம் பலவீனமடைந்தோருக்கு, மல்லாந்து படுத்ததும் மூச்சு முட்டும், எழுந்து உட்கார்ந்தால் தணியும், கால்களும் வீங்கக்கூடும். இது தாமதிக்கக் கூடாத அறிகுறி. எது எதுவெனப் பிரித்தறிவது வைத்தியரின் பணி.

வீட்டாரே முதற் சாட்சி

இந்நோயாளி தன் நோயைத் தான் காண்பதில்லை. அருகில் உறங்குபவரே காண்கின்றார். எனவே இதனை வாசிக்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். கணவரின் குறட்டையைப் பற்றிப் பேசுவது மரியாதைக் குறைவென எண்ணி மௌனமாக இருந்துவிடாதீர்கள். பின்வருவனவற்றைக் கவனியுங்கள். உரத்த குறட்டை நடுவே அடங்கி, பின் திணறலுடன் தொடங்குகின்றதா? காலையில் தலைவலியும் நாவறட்சியும் உள்ளதா? இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புகின்றாரா? போதிய நேரம் படுத்திருந்தும் பகலில் தூங்கி விழுகின்றாரா? ஞாபக மறதியும் காரணமற்ற கோபமும் கூடியுள்ளனவா? மருந்து எடுத்தும் இரத்த அழுத்தம் குறையாதிருக்கின்றதா? உடல் பருத்து, ஆண்களுக்குக் கழுத்தின் சுற்றளவு 17 அங்குலத்தையும் பெண்களுக்கு 16 அங்குலத்தையும் தாண்டியிருந்தால் ஆபத்து அதிகம். ஆயினும் மெலிந்தோருக்கும், தாடை சிறுத்தோருக்கும் இந்நோய் வருவதுண்டு. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் வாய்ப்புக் கூடுகின்றது. சிகிச்சையின்றி விட்டால் உயர் இரத்த அழுத்தம், மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றுக்கு இது வழிகோலும். நீரிழிவுடனும் இதற்குத் தொடர்பு உண்டு.

பிள்ளைகள் விடயத்தில் பெற்றோர் கூடிய கவனம் செலுத்த வேண்டும். வாயைத் திறந்து உறங்கி, நாள்தோறும் குறட்டை விடும் பிள்ளைக்குத் தொண்டைச் சதையோ மூக்கின் பின்புறச் சதையோ வீங்கியிருக்கலாம். அப்பிள்ளை பகலில் தூங்கி வழிவதை விட, அமைதியின்றித் துடுக்காக நடப்பதே அதிகம். குர்ஆன் மத்ரஸாவிலும் பாடசாலையிலும் "கவனமில்லாத பிள்ளை" எனப் பெயரெடுத்து அடி வாங்கும் ஒரு பிள்ளை, உண்மையில் இரவெல்லாம் மூச்சுக்காகப் போராடிய பிள்ளையாக இருக்கலாம். உஸ்தாத்மார்களும் இதனைக் கவனத்திற் கொள்ள வேண்டும்.

தொழுகையும் உறக்கமும்

"ஸுப்ஹுக்கு எழும்ப முடியவில்லை, நான் பாவியா?" எனச் சிலர் கலங்குகின்றனர். கைபரிலிருந்து திரும்பும் வழியில், பிலால் (ரலி) அவர்களை விழித்திருக்குமாறு பணித்துவிட்டு நபி (ஸல்) அவர்களும் தோழர்களும் உறங்கினார்கள். பிலால் (ரலி) அவர்களும் தம்மை அறியாமல் உறங்கிவிட, சூரியனின் வெப்பமே அவர்களை எழுப்பியது. பின்னர் அவர்கள் ஸுப்ஹைத் தொழுதார்கள். உறக்கத்தில் அலட்சியம் என்பதில்லை, விழித்திருக்கும்போது பிற்படுத்துவதிலேயே அலட்சியம் உள்ளது என்ற கருத்தில் அபூகதாதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தியும் உண்டு. இதிலிருந்து நாம் பெறும் பாடம் இரு பக்கமுடையது. நோயினால் மேலிட்ட உறக்கத்துக்காக உங்கள் மீது பழியில்லை, எழுந்தவுடன் தொழுதுவிடுங்கள். ஆனால் நோய் இருப்பதை அறிந்தும் சிகிச்சை தேடாதிருப்பது, விழித்திருக்கும்போது செய்யும் அலட்சியமாகும்.

ஜும்ஆக் குத்பாவில் தூங்கி விழுவோர், நபியவர்கள் பணித்தவாறு இடத்தை மாற்றி அமரட்டும். ஷாபிஈ மத்ஹபின்படி, பித்தட்டுத் தரையில் நன்கு பதிந்திருக்க அமர்ந்தவாறு உறங்கினால் வுழூ முறியாது. சரிந்தோ படுத்தோ உறங்கினால் முறியும். ஒவ்வொரு வாரமும் இது நிகழுமாயின், அதனைத் தூக்கக் குறைவின் அல்லது நோயின் அறிகுறியாகக் கருதிப் பரிசோதித்துக்கொள்ளட்டும்.

வாகனம் செலுத்தும் சகோதரர்களே!

இப்பகுதியை உங்களுக்கென்றே எழுதுகின்றேன். புத்தளம் – கொழும்பு வீதியில் நடுநிசியில் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் உங்கள் பின்னால் ஒரு குடும்பமே உறங்கிக்கொண்டிருக்கலாம். எதிரே துவிச்சக்கரவண்டியில் ஓர் ஏழைத் தொழிலாளி வந்துகொண்டிருக்கலாம். இரண்டு செக்கன் கண் மூடினால் போதும்.

உறக்கத்தில் புரண்டு பக்கத்திலிருந்த குழந்தையை நசுக்கிவிட்டவர் பற்றி எமது ஃபுகஹாக்கள் ஆராய்ந்துள்ளனர். அவர் பாவியல்ல, ஆயினும் தவறுதலாகக் கொன்றவரின் சட்டமே அவருக்கு உரியது என்றனர். ஸூரதுந் நிஸாவின் 92ஆம் வசனம் கூறும் அச்சட்டம் இரு பகுதிகளைக் கொண்டது. இறந்தவரின் குடும்பத்துக்குத் தியத் எனும் நட்டஈடு கொடுபட வேண்டும். குற்றப் பரிகாரமாக ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும்; அடிமைகள் இல்லாத இக்காலத்தில் அது தொடர்ந்து இரு மாதங்கள் நோன்பு நோற்பதாகவே அமையும். வாகனத்தில் உறங்கிப் போய் ஓர் உயிர் பறிபோனால் இதே சட்டமே முன்னிற்கின்றது. அவ்வாறாயின், கண் சொருகுவது தெரிந்தும் "இன்னும் கொஞ்சத் தூரம்தானே" என்று ஓட்டுபவரின் நிலை என்ன? தூக்கம் வந்தால் வாகனத்தை ஓரமாக நிறுத்தி, இருபது நிமிடமேனும் உறங்குங்கள். சத்தமாகப் பாடல் வைப்பதும் முகத்தில் நீர் தெளிப்பதும் சற்று நேர ஏமாற்றே. போதிய உறக்கமிருந்தும் வாகனத்தில் தூக்கம் வருமாயின், பரிசோதனை முடியும் வரை பிறரைக் கொண்டு ஓட்டுவியுங்கள்.

நிவாரணம் என்ன?

முதலில் அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலையில் அல்லது கிளினிக்கில், குறட்டையையும் மூச்சு நிற்பதையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். வீட்டார் கைத்தொலைபேசியில் பதிவு செய்த சிறு காட்சி வைத்தியருக்குப் பேருதவியாகும். தேவையெனில் அவர் சுவாச நோய் அல்லது காது, மூக்கு, தொண்டை நிபுணரிடம் அனுப்புவார். சுவாச நோய்களுக்கான தேசிய வைத்தியசாலை வெலிசறையில் உள்ளது. உறங்கும்போது மூச்சு, ஒட்சிசன், இருதயத் துடிப்பு என்பவற்றை ஓரிரவு முழுவதும் அளக்கும் சோதனை மூலமே நோய் உறுதி செய்யப்படுகின்றது.

உடல் எடையைக் குறைப்பது பெருமளவு பயன் தரும். மல்லாந்து படுப்பதைத் தவிர்த்துப் பக்கவாட்டில் படுக்க வேண்டும்; முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணையை வைத்தால் புரள்வது தடைப்படும். புகைத்தலை விட வேண்டும். அது தொண்டையை வீங்கச் செய்கின்றது. வைத்தியரின் ஆலோசனையின்றித் தூக்க மாத்திரை எடுப்பது மிக ஆபத்தானது. அது தொண்டைத் தசையை மேலும் தளர்த்திவிடும். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் சதை அகற்றும் சத்திரசிகிச்சை பலனளிக்கின்றது.

நடுத்தர, கடுமையான நோய்க்கு 'சீபெப்' எனும் இயந்திரமே பிரதான சிகிச்சை. அவுஸ்திரேலியாவின் சிட்னி நகரைச் சேர்ந்த வைத்தியர் கொலின் சலிவன் இதனை உருவாக்கி 1981இல் உலகுக்கு அறிவித்தார். மூக்கில் அணியும் முகமூடி வழியே இலேசான அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, தொண்டை மூடாமல் அது தாங்கிப் பிடிக்கின்றது. நோன்புப் பகலில் இதனை அணிந்து உறங்கலாமா எனக் கேட்கலாம். ஒட்சிசன் வாயு நோன்பை முறிக்காது என 1997இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி தீர்மானித்துள்ளது. வெறும் காற்றும் அவ்வாறே. காற்றை ஈரமாக்கும் நீர்த்தொட்டி அதில் இருந்தால், பேணுதலுக்காகப் பகலில் அதனை நிறுத்திக்கொள்வது நன்று.

இவ்வியந்திரத்தின் விலை எளியோருக்குப் பாரமானது. ஏழை நோயாளி ஸகாத் பெறத் தகுதியுடையவர் என்பதால், அதிலிருந்து அவருக்கு உதவலாம். பள்ளிவாசல் நிர்வாகங்கள் இதனைச் சிந்திக்குமாறு கேட்டுக்கொள்கின்றேன். மூச்சுக்குக் கொடுக்கும் உதவி உயிருக்குக் கொடுக்கும் உதவியல்லவா?

உறங்கும் அறையையும் மறந்துவிடாதீர்கள். நுளம்புச் சுருள் ஒன்று எரிந்து முடியும்போது வெளியாகும் நுண்துகள்கள் 75 முதல் 137 வரையான சிகரட்டுகளுக்கு ஈடானவை என 2003இல் வெளியான ஆய்வொன்று கண்டறிந்தது. கதவையும் யன்னலையும் மூடி, சுருளைக் கொளுத்தி, குழந்தையை உறங்கவைப்பதை விட நுளம்பு வலை எவ்வளவோ சிறந்தது. விறகடுப்பின் புகை அறைக்குள் வராதவாறும், படுக்கை விரிப்பில் தூசு சேராதவாறும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பானவர்களே! உறக்கத்தில் உயிர்களைக் கைப்பற்றி, மரணம் விதிக்கப்படாதோரின் உயிர்களைக் குறித்த தவணை வரை திருப்பி அனுப்புவதாக அல்லாஹ் ஸூரதுஸ் ஸுமரின் 42ஆம் வசனத்தில் கூறுகின்றான். ஒவ்வொரு காலையும் எமக்குத் திருப்பித் தரப்பட்ட அமானிதமாகும். அந்த அமானிதத்தைப் பேணுவதும் இபாதத்தே. இன்றிரவு உங்கள் அருகில் உறங்குபவரின் மூச்சைச் சற்று நேரம் செவிமடுத்துப் பாருங்கள்.

யா அல்லாஹ்! எமது உறக்கத்தை ஓய்வாகவும், எமது விழிப்பை உனக்குக் கீழ்ப்படிவதாகவும் ஆக்குவாயாக! மூச்சுத் திணறி அவதியுறும் நோயாளிகளுக்குப் பூரண சுகத்தை அருள்வாயாக! இரவில் வாகனம் செலுத்துவோரையும் களப்பிலும் கடலிலும் உழைப்போரையும் பாதுகாப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.